காற்றுக்கு இரண்டு விரல்

காலையில் அறை பெருக்கும்போது அவள் ஒருநாளும் காற்றுக்கு எதிராகப் பெருக்கியதில்லை. கடலைப் பார்த்த கதவருகில் தொடங்குவாள். கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு, மேசைக் கால்களைச் சுற்றி வந்து, எதிர்ச் சுவரின் அடியில் தரையோடு தரையாக விட்டிருக்கும் துவாரத்தை நோக்கி மணலை ஓட்டிக்கொண்டே போவாள், மேய்ச்சல் முடிந்த ஆடுகளைக் கொட்டிலுக்கு ஓட்டுவதுபோல. அதட்டல் கிடையாது, அவசரம் கிடையாது. துவாரத்துக்கு வெளியே போனதை அப்புறம் காற்று பார்த்துக்கொள்ளும். ராத்திரி வந்தது விடிந்ததும் போய்விட வேண்டும். அதற்குமேல் மணலோடு அவளுக்கு எந்தத் தகராறும் இல்லை.

"தினமும் வர்றதும், தினமும் பெருக்கறதும்! இதுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டாமா?" வாசலில் நின்றபடி கேட்டார் டிரைவர். அவள் கணவர். "பஸ்ஸுல பாரு, கண்ணாடி ஓரத்துல ரப்பர் வச்சிருப்போம். மழை வருமா? தூசி வருமா? ஒரு பொட்டு வராது. இந்த ஊர்ல மட்டும் கதவைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி மாட்டி வச்சு, வா ராஜா வான்னு மணலைக் கூப்பிடறீங்க. நான் மட்டும் முன்னாடியே இங்க வந்திருந்தேன்னு வை..."

அவள் பெருக்கிக்கொண்டே அவர் காலருகில் வந்தாள். அவர் காலைத் தூக்கினார். பேச்சை நிறுத்தவில்லை.

அதை ஊர் என்று சொன்னால் ஊருக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மூன்று பக்கமும் மணல்மேடு, நாலாவது பக்கம் கடல், நடுவில் உள்ளங்கையில் கொட்டிய கடலை மாதிரி கொஞ்சம் வீடுகள். தார்ச்சாலை மேட்டுக்கு அந்தப் பக்கமே முடிந்துவிடும். பஸ்ஸும் அங்கேயே நின்று, ஆளை இறக்கிவிட்டு, பயந்ததுபோலத் திரும்பி ஓடிவிடும். இறங்கியவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். உச்சிக்கு வந்தால்தான் இந்தப் பக்கம் ஊர் என்று ஒன்று இருப்பதே தெரியும். மேடுகளும் சும்மா கிடப்பதில்லை. போன வருஷம் பள்ளிக்கூடத்துச் சுவரை எட்டிப் பார்த்த மேடு இந்த வருஷம் யாருடைய கோழிக்கூண்டையாவது விசாரித்துக்கொண்டிருக்கும். அதனால் அங்கே ஒருவரும் மணலோடு மல்லுக்கு நிற்பதில்லை, வழி விட்டுவிடுவார்கள். எல்லாக் கதவும் தரையிலிருந்து இரண்டு விரல் மேலேதான் நிற்கும். தச்சரே அப்படித்தான் செய்து தருவார். கதவுக்கடியில் நுழைந்த காற்று எதிர்ச்சுவர்த் துவாரம் வழியாகப் போகும். போகும்போது மணலில் பெரும்பங்கைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகும். மிச்சத்துக்குத் துடைப்பம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. மூக்கு எதற்கு இருக்கிறது என்று யாராவது சொல்லித் தருகிறார்களா?

ஊரார் அவளை ரூம்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பிறந்ததே அந்த வீட்டில்தான். அப்பா படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். வீட்டை ஒட்டி அவருக்கு ஒரு கொட்டகை இருந்தது. அவர் போனபிறகு அதில் எண்ணெய் வாசனையும் எலிகளும்தான் குடியிருந்தன. ஒருநாள் மேட்டில் கார் புதைந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு ஒரு ஆணும் பெண்ணும் வந்தார்கள். தண்ணீர் குடித்தவர்கள் உடனே கிளம்பவில்லை. காரை இழுத்து வெளியே விட்ட பிறகும் கிளம்பவில்லை. வாரக் கடைசிவரை கொட்டகையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு, ஒருவரோடொருவர்கூடப் பேசாமல் இருந்தார்கள். சண்டை போலிருக்கிறது என்று அவள் பயந்தே போனாள். போகும்போது அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து, "இவ்வளவு அமைதிய நாங்க எங்கயுமே பார்த்ததில்ல" என்றாள். சும்மா கிடக்கிற பொருளுக்கு இப்படி ஒரு கிராக்கியா என்று அவளுக்கு ஆச்சரியம். அந்த வருஷமே கொட்டகையை வெள்ளையடித்து, குறுக்கே சுவர் எழுப்பி, இரண்டு அறையாக்கிவிட்டாள். அறைகள் சின்னவை. கதவு உள்பக்கம் திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்பதால் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தாள்.

கணவர் அப்போதெல்லாம் எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அவளும் நகரத்தில்தான் இருந்தாள், பஸ் டிப்போவுக்கு மேலே ஒரு மாடி அறையில். விடிவதற்கு முன்பே கீழே எஞ்சின்களை உறும விடுவார்கள். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நகர்ந்து வந்து, விளிம்பில் நின்று அவளை எட்டிப் பார்க்கும். பிரசவத்துக்கு என்று பிறந்த வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. போக மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

"எப்ப வர?" என்று அவர் கேட்கத்தான் செய்தார். அவள் வாயைத் திறப்பதற்குள், "சரி, குழந்தைக்குக் கழுத்து நிக்கட்டும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அப்புறம் குழந்தை தவழட்டும் என்றார். பல் முளைக்கட்டும் என்றார். பள்ளிக்கூடத்தை ஏன் நடுவில் மாற்ற வேண்டும் என்றார். அந்தக் குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, நகரத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டது. இவர் லீவுக்கு வருவார், இரண்டு நாள் தூங்குவார், சாப்பிடுவார், மேடு ஏறிப் போய்விடுவார். அறைக்கு வருகிற மற்றவர்களுக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம், இவருக்குத் தலையணை உறை மாற்ற வேண்டியதில்லை.

இப்போது ஓய்வு பெற்று, ஒரு இரும்புப் பெட்டி, ஒரு ரேடியோ, டிப்போ நண்பர்கள் கொடுத்த சாமான்கள் ஒரு சாக்கு என்று ஒரேயடியாக வந்துவிட்டார். தூங்கவுமில்லை. பேசினார். ஆயுசு முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. உப்பு எங்கே என்று அவர் அடுப்படியில் கேட்டால் பக்கத்துக் கடையிலிருந்து பதில் வரும்.

"அக்கா, உப்பு இரண்டாவது தட்டுல இருக்குன்னு மாமாகிட்ட சொல்லுங்க" என்று குரல் கொடுப்பாள் கடைக்காரி. அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். "நீங்க அமைதியான இடம்னு போர்டு வச்சிருக்கீங்களே, அதை எடுத்துடுங்க. யாராவது கேஸ் போட்டுடப் போறாங்க."

அவள் சிரித்துக்கொள்வாள். ஆனால் அந்த வாரம் சிரிப்பு பாதியிலேயே நின்றது. காரணம் இதுதான். மகள் வீட்டுக் கீழ்த்தளம் காலியாகிறது. அம்மாவும் அப்பாவும் வருவதென்றால் வெளியாருக்கு விட வேண்டாம், கூடவே இருக்கட்டும் என்று மகள் நினைத்தாள். நல்ல மனசுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் போன் எடுப்பது மேட்டு உச்சியில் மட்டும்தான். டிரைவர் அங்கே ஏறி நின்று பேசினார். பேசியதை மொத்த ஊரும் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வாம்மா, பேசி முடிச்சுடலாம்... அம்மாவா? அம்மாவுக்கு என்ன? நான் சொன்னா வந்துடுவா!"

கொல்லையில் நனைந்த விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தவள் அதைத் தேவைக்கு மேலேயே பிழிந்தாள். போகாமலே இருந்து ஒரு ஆயுளை ஓட்டிவிட்டாள். இந்தத் தடவை அது போதாது, வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் எப்படி நுழைவது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் டீச்சர் வந்தார்.

டீச்சர் வருவதற்கு முன்பே அவருடைய தங்கை போனில் சொல்லியிருந்தாள். வகுப்பில் கத்திக் கத்தி அக்காவின் தொண்டை போய்விட்டது, சில வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கக்கூட கூடாது என்பது டாக்டர் கட்டளை. வீட்டில் இருந்தால் பேசாமல் இருக்க முடியாது, அதனால்தான் அங்கே அனுப்புகிறோம். டீச்சர் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு பையோடும் பிளாஸ்க்கோடும் வந்து சேர்ந்தார். பருமனான உடம்பு, துறுதுறுவென்று கண்கள். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த டிரைவர் மேட்டின் அந்தப் பக்கம் ஆரம்பித்த கதையை இந்தப் பக்கம் வந்தும் முடித்திருக்கவில்லை.

"டீச்சருக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார் பெருமையாக. "ஒரு தடவை கை தட்டினா ஆமா. ரெண்டு தடவைன்னா இல்ல. எவ்வளவு சுலபம் பாரு. என்ன டீச்சர், சரிதானே?"

டீச்சர் ஒருமுறை தட்டினார்.

அன்றிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. பேச ஆள் கிடைக்காமல் காய்ந்து கிடந்தவருக்குக் குறுக்கே பேசாத, கொட்டாவி விட்டாலும் சத்தம் வராத ஆள் ஒருத்தர் கிடைத்துவிட்டார். டீச்சர் கரையோரம் பெஞ்சில் உட்கார்ந்தால் இவர் எதிரே மணலில் உட்கார்ந்தார். டீச்சர் எழுந்து நடந்தால் இவரும் நடந்தார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க மொத்தப் பேரும் பஸ்ஸுல ஏறிட்டாங்க டீச்சர். சாமான், பாத்திரம், போட்டோக்காரர், எல்லாம். பாதி வழியில மாப்பிள்ளை பேரைச் சொல்லிக் கேக்கறேன், அப்படி யாரும் இல்லைங்கறாங்க. வேற கல்யாணக் கோஷ்டி டீச்சர்! இந்தக் கதைய ஏற்கெனவே சொல்லிட்டேனா?"

தட்.

"சொல்லிட்டேனா? பரவாயில்ல, முடிவை இன்னொரு தடவை கேளுங்க, அதுதான் வேடிக்கை."

சாயங்காலம் தட்டில் டீயும் முட்டையும் எடுத்துப் போனபோது அவள் டீச்சரிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "டீச்சர், அவரு தொந்தரவா இருந்தா எனக்கு ஒரு ஜாடை காட்டுங்க. நீங்க அமைதிக்குன்னு வந்தீங்க. எனக்குச் சங்கடமா இருக்கு."

டீச்சர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினார். கொஞ்சம். பிறகு விரல்களை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டி, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு கவலையும். டீச்சர் பாதியில் பெட்டியைக் கட்டினால் டிரைவர் என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். பாரு, வந்தவங்ககூட நிக்க மாட்டேங்கறாங்க, இந்த ரூமைக் கட்டிக்கிட்டு இங்க எதுக்கு உக்காந்திருக்கணும் என்பார்.

தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது டீச்சர் விளையாட்டாகத் தன் செருப்பைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சிட்டிகை மணல் கொட்டியது. வாசலில் நின்ற டிரைவர் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. அந்த வெளிச்சம் எதற்கு என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் அவள் பஸ்ஸில் வரும் ரொட்டியையும் பாலையும் வாங்க மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது டிரைவர் வழக்கத்துக்கு மாறாக விசிலடித்துக்கொண்டிருந்தார். டிப்போ சாமான்கள் இருந்த சாக்கு பாதி காலியாகக் கிடந்தது.

"என்ன பண்ணீங்க?"

"நாளைக்குக் காலைல டீச்சரே உனக்குச் சொல்லுவாங்க" என்றார். "சொல்ல முடியாது. தட்டுவாங்க."

ராத்திரி முழுக்கக் கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. விடியற்காலையில் அவள் எழுந்து பின்பக்கமாகப் போய், கோழிகளைத் திறந்துவிட்டு, விரிப்புகளைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் போட ஆரம்பித்தாள். வீட்டின் முன்பக்கத்திலிருந்து டிரைவர் குரல் வந்தது.

"குட் மார்னிங் டீச்சர்! நல்லா தூங்கினீங்களா?"

தட், தட்.

"தூங்கலையா? புது இடம், அப்படித்தான் இருக்கும். டீ கொண்டு வரட்டுமா?"

தட், தட்.

"வேணாமா? அப்ப காபி?"

தட், தட்.

"என்னங்க டீச்சர், வயிறு கியிறு சரியில்லையா?"

தட், தட்.

"அப்ப சரியாத்தான் இருக்கு. அது போகட்டும், நான் கேக்க வந்ததே வேற. ராத்திரி உள்ள மணல் வந்துச்சா?"

பிறகு, மெதுவாக, தட், தட்.

"பாத்தீங்களா! ஒரு பொட்டு வரலைல்ல? டிப்போ ரப்பர் டீச்சர் அது! கதவுக்கு அடியில ஒரு நூல் விடாம அடிச்சுட்டேன். சும்மா இழுத்துப் பாருங்க, அசையாது."

அதற்குப் பதிலாக உள்ளேயிருந்து கைதட்டல் கிளம்பியது. ஒன்று, இரண்டு என்றெல்லாம் இல்லை, மேடையில் பாட்டு முடிந்த மாதிரி விடாமல் கைதட்டல்.

"ஐயோ, போதும் டீச்சர், போதும்" என்று டிரைவர் கூச்சப்பட்டார். "இதுக்கெல்லாம் எதுக்குக் கைதட்டிக்கிட்டு?"

அவள் கையிலிருந்த விரிப்பைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டு முன்பக்கம் ஓடினாள். முதலில் கண்ணில் பட்டது, டிரைவர் திடீரென்று வளர்ந்திருந்ததுதான். கதவின் மேல்சட்டத்துக்குச் சமமாக அவர் தலை நின்றது. கதவில் கை ஊன்றி, சாய்ந்து, சுகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் அவர் எதன்மேல் நிற்கிறார் என்று பார்த்தாள். உள்ளே போக வழி கிடைக்காத மணல் ராத்திரி முழுக்க வந்து வந்து கதவில் சாய்ந்து, ஒரு லாரி மண்ணைக் கொட்டினதுபோல முழங்காலுக்கு மேலே குவிந்திருந்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"மணல் உள்ள போகல, பாரு! டீச்சரே சொல்லிட்டாங்க."

"மணல் போகல. டீச்சர் எப்படி வெளிய வருவாங்க?"

டிரைவர் வாயைத் திறந்தார். பிறகு முதல் தடவையாகக் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு என்பது அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்பட்டது.

"டீச்சர்," என்றார் கதவிடம், குரல் இறங்கி, "உள்ள மாட்டிக்கிட்டீங்களா?"

தட்.

கடைக்காரி கடையைப் போட்டது போட்டபடி ஒரு மண்வெட்டியோடு வந்துவிட்டாள். குவியலைப் பார்த்ததும் மண்வெட்டியில் சாய்ந்து நின்று சிரித்துத் தீர்த்தாள். "மாமா, மணலை நிறுத்தணும்னுதானே ஆசைப்பட்டீங்க? பாருங்க, எவ்வளவு மரியாதையா வரிசையில நிக்குது!"

"சிரிச்சது போதும், அள்ளுடி" என்றாள் அவள்.

அள்ள அள்ளச் சரிந்தது. டீச்சர் காத்திருக்கத் தயாராக இல்லை. பக்கவாட்டு ஜன்னலின் பலகைக் கதவு திறந்து, முதலில் பிளாஸ்க் வெளியே வந்தது, பிறகு பை, பிறகு டீச்சரின் ஒரு கால். ஜன்னல் நெஞ்சுயரம். அவள் ஓடிப்போய் அடுப்படி முக்காலியைக் கொண்டு வந்து போட்டாள். டீச்சர் திரும்பி, முதுகு வெளியே தெரிய, மெல்ல இறங்கத் தொடங்கினார். அந்தக் காட்சியைப் பார்த்ததும் டிரைவருக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. முக்காலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜன்னல் சுவரைத் தட்டினார்.

"வரட்டும், வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல கொஞ்சம் ஒடிங்க... வரட்டும்... பின்னாடி இடம் இருக்கு டீச்சர், பயப்படாதீங்க... ஹோல்ட், ஹோல்ட், ஹோல்ட்! கொஞ்சம் முன்ன எடுத்து மறுபடி..."

ஒரு காலை முக்காலியிலும் ஒரு காலை ஜன்னலிலும் வைத்திருந்த டீச்சர் தலையைத் திருப்பினார்.

"அண்ணே," என்றார். "கொஞ்சம் வாயை மூடுங்க!"

மணி அடித்த மாதிரி இருந்தது. கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ச் சேருகிற குரல். கோழிகள்கூட ஒரு நிமிஷம் கொத்துவதை நிறுத்தின. டிரைவர் வாய் திறந்தபடியே நின்றது. டீச்சரே இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொள்ளப் போய், பிடி நழுவி, அவளும் கடைக்காரியும் விரித்திருந்த கைகளில் வந்து சரிந்தார். மூன்று பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை, சிரிப்பு விடவில்லை. குரல் போய்விடவில்லை என்று தெரிந்ததில் டீச்சருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் டாக்டர் சொன்னதை நினைத்து மறுபடியும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அப்புறம் மத்தியானம்வரை டிரைவர் பேசவில்லை.

அவள் அதை முதலில் நம்பவில்லை. ஏதோ எஞ்சினைச் சரி பார்க்கிறார், இப்போது கிளப்புவார் என்று காத்திருந்தாள். அவர் கிளப்பவில்லை. ஒருவரையும் தொட விடாமல் தானே குவியல் முழுவதையும் அள்ளிக் கொட்டினார். கதவைத் திறந்து, அடியில் அடித்திருந்த ரப்பரை ஆணி ஆணியாகப் பிடுங்கினார். பிறகு தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கடியில் கையை நீட்டி வைத்துக்கொண்டு, காற்று உள்ளே போவதை நெடுநேரம் பார்த்தார். அவள் டீயைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அந்தத் துவாரம் எதுக்குன்னு இப்பத்தான் புரியுது" என்றார் படுத்தபடியே. சாதாரண மனிதர் பேசுகிற குரல். அவரிடம் அப்படியொரு குரல் இருப்பது அவளுக்கே மறந்து போயிருந்தது. "ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"கேக்கலேன்னா சொல்ல மாட்டியா?"

"நீங்க எப்ப நிறுத்தினீங்க, நான் எப்ப சொல்றது?"

அவர் எழுந்து உட்கார்ந்து, முழங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். டீயைக் குடித்தார். கடைசி மடக்குவரை குடித்துவிட்டு, டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வேற என்னெல்லாம் சொல்லாம வச்சிருக்க?"

அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டீச்சர் பெஞ்சிலிருந்து கையசைத்தார், வெந்நீர் வேண்டுமாம். அவள் எழுந்து போனாள். ஆனால் போகும்போது மனசு லேசாக இருந்தது. இனிமேல் சொல்லிவிடலாம், கேட்கிற ஆள் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேடு இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். அந்த விஷயத்தில் அப்பாவை உரித்து வைத்தவள். முன்னறையில் அம்மா அறைகளுக்கான துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் இரண்டாவது அறைக்கு ஆள் வருகிறது. டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் அம்மா எதிரே கீழே உட்கார்ந்து, ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ் வீட்டுல எல்லாம் முடிச்சாச்சுப்பா. சுவருக்குப் பெயின்ட்கூட அடிச்சாச்சு. நீங்க தேதி சொல்லுங்க, நான் வண்டி அனுப்பறேன். கடையெல்லாம் பக்கத்துலயே இருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. அம்மா இனிமே ஒருத்தருக்கும் படுக்கை விரிக்க வேண்டாம். என்னப்பா, அடுத்த வாரமே வந்துடறீங்களா?"

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். அவள் கை மடிப்பில் நின்றது. நான் சொன்னா வந்துடுவா என்ற வார்த்தை இன்னும் மேட்டு உச்சியில் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது.

"உங்கம்மாவைக் கேளு" என்றார் டிரைவர்.

"அம்மாவையா?" மகள் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கமே இருந்ததில்லை. "அம்மா, நீ என்ன சொல்ற?"

"நான் வரல" என்றாள் அவள்.

சொன்ன பிறகு பார்த்தால் இரண்டே வார்த்தை. இதையா இத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிந்தோம் என்று இருந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

"உன்மேல கோவம் ஒண்ணும் இல்லடி. உன் வீட்டுக்கு வருவேன், நாலு நாள் இருப்பேன், போதும். எனக்கு இங்க வேலை இருக்கு. வர்றவங்களுக்குப் படுக்கை விரிக்கறது எனக்குக் கஷ்டமா இருக்குன்னு நான் எப்பவாவது சொன்னேனா? எனக்கு அது பிடிச்சிருக்கு. காலைல எந்திரிச்சா ஒரு சத்தமும் இல்லாம கதவைத் திறக்கறேன் பாரு, அது எனக்குப் பிடிச்சிருக்கு. அந்த டிப்போ மாடியிலயே எனக்குப் பிடிக்கல. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. இப்ப சொல்றேன். நீ கீழ் வீட்டை யாருக்காவது விட்டுடு."

மகள் விரிப்பின் முனையைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அம்மா இவ்வளவு நேரம் சேர்ந்தாப்ல பேசி நான் பார்த்ததே இல்லப்பா" என்றாள். கோபப்படலாமா சிரிக்கலாமா என்று அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் சிரிப்புதான் வந்தது. "சரி. அம்மா வரல. நீங்க?"

"நானா?" டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய குரல் பாதி திரும்பியது. "நான் எங்க வேணா இருப்பேன். எனக்கென்ன? அங்கன்னா நாலு பேரைப் பார்க்கலாம், டிப்போ பக்கம் ஒரு நடை போகலாம், டீக்கடை இருக்கு, பேச்சுத்துணைக்குக் குறைவில்ல. இங்கன்னா..." அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே பெஞ்சில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். "இங்கன்னா ஒண்ணும் இல்லதான். ஆனா பாரு, ஒண்ணும் இல்லாத இடத்துல ரெண்டு மத்தியானம் சும்மா உக்காந்திருந்தேன். பரவாயில்லாமத்தான் இருந்துச்சு. அந்த ரெண்டாவது ரூம் கதவுல கீல் ஒண்ணு லூசா இருக்கு, அதையும் யாராவது பார்க்கணும். அதுக்காக நான் இங்க இருக்கணும்னு இல்ல, தச்சரே பார்ப்பாரு. ஆனா..."

பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்கே பிடிபடவில்லை. நடுவழியில் நிறுத்தினார். மனைவி மடிப்பதை முடித்துவிட்டு, தலையணை உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தா பாரு" என்றார் அவளிடம். "நீயே சொல்லிடு. நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொள்ளாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவளிடம் பதில் இருந்தது. இருந்தாலும் தன்னுடையதை அவள் சொல்லியாகிவிட்டது, இது அவரே சொல்லிக்கொள்ள வேண்டியது. அவள் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு உறைகளை நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டு, மகள் நீட்டியிருந்த காலைத் தாண்டி, அறையைவிட்டு வெளியே போனாள்.